ஹெல்மெட் சரி, உள்ளங்கைக்கு என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் நாளிதழின் சென்னைப் பக்கத்தில் ஹெல்மெட் சோதனை பற்றிய செய்தியும் ஒரு படமும் வந்திருந்தன. போக்குவரத்துக் காவலர் சலான் எழுதுகிறார், ஒரு பையன் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறான். அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் போட்டிருந்தது கை வெட்டிய பனியன், முட்டிக்கு மேல் நிற்கும் அரைக்கால் டவுசர், ரப்பர் செருப்பு. பின்னால் ஹெல்மெட் போட்ட ஒருவர் சலான் இல்லாமல் கடந்து போகிறார். அவர் காலிலும் அதே ரப்பர் செருப்பு. ஹெல்மெட்டின் பட்டி மாட்டாமல் காதுக்குக் கீழே தொங்குகிறது. காவலர் கணக்கில் ஒருவர் குற்றவாளி, இன்னொருவர் ஒழுங்கானவர். விழுந்தால் இரண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே கதிதான்.

நான் அயனாவரத்தில் 31 வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். துணி, நூல், ஜிப், லைனிங் இவற்றோடுதான் பிழைப்பு. வண்டியில் போகிறவர்கள் என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்று பார்ப்பது பழக்கமாகிவிட்டது. ஆனால் இந்தக் கடிதத்தை எழுதக் காரணம் என் இரண்டு உள்ளங்கைகள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், தீபாவளிக்கு 19 நாள் இருந்தபோது, கோடவுன் தெருவில் லைனிங் துணி எடுத்துக்கொண்டு என் டிவிஎஸ் எக்ஸெல்லில் திரும்பிக்கொண்டிருந்தேன். இரவு ஏழரை மணி. சாயங்காலம் பெய்த மழை விட்டிருந்தது. ஓட்டேரி தாண்டி, பள்ளம் தோண்டி மூடிய இடத்தில் ஜல்லி பரவிக் கிடந்தது. முன்னால் போன ஆட்டோ சட்டென்று நின்றது. நான் பிரேக் பிடித்தேன், முன்சக்கரம் ஜல்லியில் வழுக்கிக்கொண்டு போனது. வேகம் 30-க்கு மேல் இருக்காது. இடப்பக்கமாக விழுந்து சறுக்கினேன். மறுநாள் என் மகள் அந்த இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ‘அப்பா, ஒரு புடவை நீளத்துக்கு இழுத்துக்கிட்டுப் போயிருக்கு’ என்றாள். ஐந்தரை மீட்டர். தையல்காரன் வீட்டுப் பெண், அவளுக்கு அளவு கண்ணிலேயே இருக்கிறது.

தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஐஎஸ்ஐ முத்திரை உள்ள, தாடையையும் சேர்த்து மூடும் ஹெல்மெட் போட்டிருந்தேன், பட்டியையும் மாட்டியிருந்தேன். ஆனால் விழும்போது இரண்டு கையையும் ஊன்றிவிட்டேன். யாராக இருந்தாலும் ஊன்றத்தான் செய்வார்கள், நடை பழகும் வயதிலேயே உடம்பு கற்றுக்கொண்டது அது. இரண்டு உள்ளங்கையிலும் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் மேட்டில் தோல் முழுசாக உரிந்து போனது. இடது முழங்காலில் டெரிகாட்டன் பேண்ட் தேய்ந்து, தேய்ந்த சூட்டில் இளகி, புண்ணோடு ஒட்டிக்கொண்டது. பாலியஸ்டர் கலந்த துணி எரிவதற்கு முன்னால் உருகும் என்பது இஸ்திரிப் பெட்டி பிடிக்கிற எனக்குத் தெரியாததா? ஆனால் அது தார் ரோட்டிலும் நடக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. மருத்துவமனையில் நர்ஸ் அம்மா ஒருவர் உப்புத் தண்ணீர் ஊற்றி, சின்ன பிரஷால் தேய்த்து, ஜல்லித் துகளையும் நூல் பிசிறையும் ஒவ்வொன்றாக எடுத்தார். ‘கொஞ்சம் பொறுத்துக்கோங்க ஐயா, உள்ளே விட்டா சீழ் பிடிச்சிடும்’ என்று சொல்லிக்கொண்டே முக்கால் மணி நேரம் எடுத்தார். கிடுக்கி நுனியில் வந்த சாம்பல் நிற நூல் என் கடையில் நானே தைத்த பேண்டுடையது.

38 நாள் கத்திரி பிடிக்க முடியவில்லை. கத்திரியை அழுத்துவது கட்டைவிரல் மேடு, அங்கேதான் தோல் இல்லை. தீபாவளிக்கு வந்த சட்டைத் துணிகள் வெட்டப்படாமல் பொட்டலமாகவே கிடந்தன. வாடிக்கையாளர்களிடம் மன்னிப்புக் கேட்டுத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு வருஷத்து வருமானத்தில் பெரும்பகுதி அந்த மூன்று வாரத்தில்தான் வரும். எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்கு அது புரியும். அப்போது 700, 800 ரூபாய்க்குக்கூட நல்ல கையுறை கிடைத்தது என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

நம் ஊரில் இந்த விஷயம் தலையோடு ஆரம்பித்துத் தலையோடு முடிந்துவிடுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆவது பிரிவு தலைக்கவசத்தைத்தான் சொல்கிறது. 2015 ஜூலை 1 முதல் ஹெல்மெட் கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. 2022 மே 23 முதல் பின்னால் உட்காருகிறவர்களையும் சென்னைக் காவல்துறை பிடிக்க ஆரம்பித்தது. அதே வருஷம் அக்டோபரில் அபராதம் 100 ரூபாயிலிருந்து 1000 ரூபாய் ஆனது. இவ்வளவும் நல்லதற்குத்தான், ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். ஹெல்மெட் போட்டால் சாவு 100-க்கு 42 குறைகிறது, தலைக்காயம் 69 குறைகிறது என்று உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2008-இலேயே கணக்குச் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகும் இதில் வாதம் இல்லை. ஆனால் சட்டம் கேட்பதோடு நம் அக்கறையும் நின்றுவிடுகிறது. அந்த ஹெல்மெட்டையே எப்படித் தேர்ந்தெடுப்பது என்று சொல்லவும் ஆள் இல்லை.

ஜி.பி. ரோட்டில் கடைகளைப் பாருங்கள். போகிறவர் வண்டியை நிறுத்தாமலே, ‘எவ்வளவு?’ என்பார். கடைக்காரர் தலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒன்றை எடுத்து நீட்டுவார். அவர் மாட்டிப் பார்த்து, உள்ளே போகிறது, சரி என்று காசு கொடுத்துவிட்டுப் போவார். சட்டைக்குக் கழுத்தளவு கால் அங்குலம் கூடினால் என்னிடம் சண்டைக்கு வருகிற அதே மனிதர்! ஹெல்மெட்டுக்கும் அளவு எடுக்க வேண்டும். புருவத்துக்கு ஒரு விரல் மேலே, காதுக்கு மேலே, பின்மண்டையில் துருத்திக்கொண்டிருக்கும் இடத்தைச் சுற்றி டேப்பை வைத்து சென்டிமீட்டரில் பாருங்கள். கம்பெனிக்குக் கம்பெனி எம், எல் எல்லாம் மாறும். ஒன்றின் எம் இன்னொன்றின் எல் ஆக இருக்கும். எழுத்தை நம்பாமல் உள்ளே ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்ப்பதே முறை. போட்டதும் கன்னம் இரண்டும் உள்ளே அமுங்க வேண்டும். ஹெல்மெட்டைப் பிடித்து இடவலமாக ஆட்டினால் நெற்றித் தோலும் கூடவே நகர வேண்டும், ஹெல்மெட் மட்டும் சுற்றினால் அது பெரிசு. பட்டியை மாட்டிக்கொண்டு, பின்பக்க விளிம்பைப் பிடித்து முன்னால் தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் விபத்திலும் அப்படித்தான் வரும். அப்புறம் கால் மணி நேரம் கடையிலேயே போட்டுக்கொண்டு நில்லுங்கள், நெற்றியில் ஒரே இடத்தில் வலித்தால் அந்த வடிவம் உங்கள் தலைக்கு ஆகாது. கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

முத்திரை விஷயமும் இருக்கிறது. 2021 ஜூன் 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் சட்டப்படி தப்பு. ஆனாலும் ரோட்டோரம் கயிற்றில் கட்டி 200, 250 ரூபாய்க்கு விற்பதில் முத்திரை ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். முத்திரைக்கு மேலே ஐஎஸ் 4151 என்ற எண்ணும், கீழே சிஎம்/எல் என்று ஆரம்பிக்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை பிஐஎஸ் கேர் என்ற செயலியில் போட்டால் எந்தக் கம்பெனி, என்ன பொருள் என்று காட்டிவிடும். எண் ஹெல்மெட்டுடையது இல்லை என்றால் வைத்துவிட்டு வந்துவிடலாம். செயலி இல்லாதவர்கள் உள்துணியை விலக்கி விரலால் அழுத்திப் பார்க்கலாம். உள்ளே கெட்டியான தெர்மாகோல் அச்சு இருக்க வேண்டும். பஞ்சு மட்டும் இருந்தால் அது வெறும் பிளாஸ்டிக் சட்டி.

அந்தத் தெர்மாகோல்தான் உயிரைக் காப்பாற்றுகிறது என்று எனக்குத் தெரிந்தது என் ஹெல்மெட்டை அறுத்துப் பார்த்தபோது. விழுந்ததில் வெளி ஓட்டில் இடது காதுக்கு மேலே ஒரு கீறல் மட்டும்தான். பக்கத்துக் கடைக்காரர், ‘பாலீஷ் போட்டா புதுசு மாதிரி ஆயிடும் மாஸ்டர்’ என்றார். மகள் விடவில்லை. இரும்பு அறுக்கும் ரம்பத்தால் நெடுக அறுத்தோம். வெளியே நகம் பட்ட மாதிரி கீறல், உள்ளே அதே இடத்தில் தெர்மாகோல் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு நசுங்கி, மணிமணியாக உடைந்து, விரல் வைத்தால் உதிர்ந்தது. என் மண்டைக்கு வரவேண்டிய அடியை அது வாங்கிக்கொண்டு நசுங்கியிருக்கிறது. ஒரு தரம் நசுங்கினால் அது திரும்ப எழும்பாது. அதனால்தான் ஒரு விழுகைக்குப் பிறகு ஹெல்மெட்டை மாற்றச் சொல்கிறார்கள். அறுத்த பாதியைக் கடையில் பாபின் பெட்டிக்கு மேலே மாட்டி வைத்திருக்கிறேன். வருகிற பையன்கள் எல்லாம் அந்தப் பள்ளத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள்.

பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கொண்டை போட்டுப் பூ வைத்துக்கொண்டு ஹெல்மெட் மாட்டினால் அது தலையில் உட்காராமல் ஒரு அங்குலம் தூக்கி நிற்கும், பட்டி தாடையைப் பிடிக்காது. பின்கழுத்தோடு ஒட்டித் தாழப் பின்னிக்கொள்ளுங்கள், பூவைப் போய்ச் சேர்ந்த இடத்தில் வைத்துக்கொள்ளலாம். என் மனைவி இப்போது பூச்சரத்தை ஒரு டப்பாவில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் கல்யாணத்துக்கு வருகிறாள்.

இனி கைக்கு வருகிறேன். கையுறை என்றால் நம் ஊரில் குளிருக்கு என்றோ, கை கறுக்காமல் இருக்க என்றோ நினைக்கிறார்கள். வெயிலுக்குப் பெண்கள் போடும் முழங்கை வரைக்குமான அந்த மெல்லிய துணி உறை, தரையில் பட்டால் என் பேண்ட் செய்ததைத்தான் செய்யும். உள்ளங்கையில் தோல் இருக்க வேண்டும். தோலைப் பற்றித் தெரிந்துகொள்ள நாம் எங்கேயும் தேட வேண்டாம், பெரியமேட்டில் ஒரு நடை நடந்தால் போதும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தமிழ்நாட்டுத் தோலெல்லாம் வந்து போகிற இடம். அங்கே ஒரு பெரியவர் ஆட்டுத் தோலையும் மாட்டுத் தோலையும் என் கையில் கொடுத்து இழுக்கச் சொன்னார். ஆட்டுத் தோல் மெல்லிசு, ஆனால் இழை பின்னிக் கிடப்பதால் சுலபத்தில் கிழியாது, விரலும் நன்றாக மடங்கும். ரெக்ஸினை மடித்தால் மடிப்பில் வெள்ளைக் கோடு விழும், ஓரத்தில் துணி தெரியும். தோல் என்று சொல்லி ரெக்ஸினைத் தருகிறவர்கள் இருக்கிறார்கள், வெட்டிய ஓரத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வாங்கும்போது மூன்று இடத்தைப் பார்க்கிறேன். உள்ளங்கை மேட்டில் இரண்டாவது அடுக்கு இருக்கிறதா, அல்லது வழுக்கிக்கொண்டு போகும்படி கெட்டிப் பிளாஸ்டிக் வைத்திருக்கிறார்களா என்பது ஒன்று. தோல் பிடித்துக்கொண்டு நின்றால் மணிக்கட்டு மடங்கி எலும்பு முறியும், வழுக்கினால் கை தப்பிக்கும். இரண்டாவது, சுண்டுவிரல் பக்கத்துத் தையல், அங்கேதான் முதலில் தேயும். மூன்றாவதைப் பலர் பார்ப்பதே இல்லை: மணிக்கட்டுப் பட்டி. கையுறையை மாட்டி, பட்டியை இறுக்கி, கூட வந்தவரை விரல் நுனிகளைப் பிடித்து நன்றாக இழுக்கச் சொல்லுங்கள். கழன்று வந்தால் வேண்டாம். விழுந்து உருளும்போது கையுறை முதலில் கழன்று பறந்துவிட்டால் போட்டதும் ஒன்றுதான், போடாததும் ஒன்றுதான்.

ஜாக்கெட்டைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது, என் தொழில் அது. இப்போது அண்ணாநகர், வேளச்சேரி பக்கம் பையன்கள் ரைடிங் ஜாக்கெட் போடுகிறார்கள். சந்தோஷம். என்னிடம் ஆல்டர் செய்யக் கொண்டுவருகிறார்கள். சென்ற மாசி மாசம் ஒரு தம்பி வந்து, ‘மாஸ்டர், தோள் தொளதொளன்னு இருக்கு, கொஞ்சம் பிடிச்சுக் கொடுங்க’ என்றான். எங்கேயோ கடையில் 2,800 கொடுத்து வாங்கியது. லைனிங்கைப் பிரித்து உள்ளே பார்த்தேன். தோள் மூட்டில் ஒரே ஒரு வரித் தையல். உள்மடிப்பு கால் அங்குலம்கூட இல்லை. நூல் நான் சட்டைக்குப் போடுவதைவிட மெல்லிசு. மூட்டின் இரண்டு பக்கமும் பிடித்து விரித்தேன், தையலுக்கு நடுவே டியூப் லைட் வெளிச்சம் தெரிந்தது. முதுகில் ‘பாதுகாப்பு’ என்று வைத்திருந்தது டிவி பெட்டிக்குள் வருமே, அந்த வெள்ளை நுரைத் தகடு. முழங்கையில் இருந்ததும் அப்படித்தான். அந்தத் தம்பி அதை நம்பித்தான் ஈசிஆரில் மாமல்லபுரம் வரைக்கும் 90-இல் போய்க்கொண்டிருந்தான். நான் தைக்கவில்லை. உட்கார வைத்து எல்லாவற்றையும் காட்டினேன். அவன் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியவில்லை. அவன் ஒரு தப்பும் செய்யவில்லை, காசு சேர்த்து, நல்லது என்று நினைத்து வாங்கியிருக்கிறான்.

நல்ல ஜாக்கெட்டையும் பிரித்துப் பார்த்திருக்கிறேன். அதில் தோள், முழங்கை மூட்டுகளில் மூன்று வரித் தையல் இருந்தது. அதில் இரண்டு உள்ளே மறைந்திருக்கும். வெளியே தெரிகிற தையல் தரையில் முதலில் தேய்ந்து அறுந்தாலும் மறைந்திருக்கும் தையல் பிடித்துக்கொள்ளும். நூல், ஸ்கூல் பைக்குப் போடுவது மாதிரி மெழுகு ஏறிய கனத்த நூல், கையால் அறுக்கவே முடியாது. துணி எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் தையல் விட்டால் ஜாக்கெட் வாய் பிளந்துவிடும். கடையில் நீங்களும் இதைப் பார்க்கலாம், உள்பக்கத்தை வெளியே திருப்பி மூட்டை இழுத்துப் பார்க்க யாருடைய அனுமதியும் வேண்டாம். அப்புறம் ஒரு வேண்டுகோள்: நல்ல ஜாக்கெட்டை வாங்கிவிட்டு என்னைப் போன்ற தெருமுனைத் தையல்காரரிடம் பிரித்துத் தைக்கக் கொடுக்காதீர்கள். எங்களிடம் அந்த ஊசியும் இல்லை, அந்த நூலும் இல்லை. நாங்கள் போடும் தையல் அழகாக இருக்கும், தாங்காது. வாங்கும்போதே அளவாக வாங்குங்கள். வண்டியின் மேல் உட்கார்ந்து கையை ஹேண்டில்பாரில் நீட்டிப் பாருங்கள். நிற்கும்போது முழங்கையில் இருக்கும், அடி தாங்க வைத்த பட்டை, உட்கார்ந்தால் மேலே ஏறி மேல்கைக்குப் போய்விட்டால் அது யாரைக் காப்பாற்றும்?

அந்தப் பட்டைகளுக்கு ஐரோப்பாவில் ஓர் அளவுகோல் இருக்கிறது. என் மகள் ஏ.சி. டெக் கல்லூரியில் டெக்ஸ்டைல் படித்தவள், அவள்தான் விளக்கினாள். 5 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் வரும் அடியைப் பட்டையின் மேல் கொடுக்கிறார்கள். அடியில் எவ்வளவு கடந்து வருகிறது என்று அளக்கிறார்கள். முழங்கை, தோள், முழங்கால் பட்டைகளுக்கு, கடந்து வரும் விசை சராசரி 35 கிலோநியூட்டனுக்குள் இருந்தால் லெவல் 1, 20-க்குள் இருந்தால் லெவல் 2. முதுகுக்குக் கணக்கு இன்னும் கடுமை: லெவல் 1-க்கு 18, லெவல் 2-க்கு 9. பட்டையை வெளியே எடுத்துப் பார்த்தால் சிஇ என்ற எழுத்தும், கைகால்களுக்கு இஎன் 1621-1, முதுகுக்கு 1621-2 என்ற எண்ணும், 1 அல்லது 2 என்ற லெவலும் அச்சிலேயே வார்த்திருக்கும். எழுத்து இல்லாத நுரைக்கு மதிப்பும் இல்லை. ஜாக்கெட் முழுவதற்கும் ஏஏஏ, ஏஏ, ஏ என்று தரம் உண்டு. ஊருக்குள் ஓட்ட ஏ போதும், ஜிஎஸ்டி ரோட்டில் திண்டிவனம், திருச்சி என்று போகிறவர்கள் ஏஏ பார்ப்பது நல்லது.

இந்த வெயிலில் யார் ஐயா ஜாக்கெட் போடுவார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அக்னி நட்சத்திரத்தில் மத்தியானம் இரண்டு மணிக்கு மதுரவாயல் பைபாஸில் நின்றால் எனக்கும் அதே கேள்விதான் வரும். வலைத்துணி ஜாக்கெட் இருக்கிறது, வண்டி ஓடும்போது காற்று உள்ளே புகுந்து வியர்வையை உலர்த்திவிடும். ஆனால் வலை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மார்பிலும் கையின் உள்பக்கத்திலும் இருக்கட்டும், தோள் முனையிலும் முழங்கையிலும் கெட்டித் துணிதான் இருக்க வேண்டும். முழுக்க வலையாக இருந்தால் தரையில் நொடியில் கிழிந்துவிடும். கறுப்பைவிட வெளிர் நிறம் சூட்டையும் குறைக்கும், இரவில் லாரிக்காரர் கண்ணிலும் படும். ஜாக்கெட்டுக்கு இப்போது வழி இல்லாதவர்கள், ஹெல்மெட்டுக்கு அடுத்துக் கையுறை, அதற்கடுத்து ஷூ, பிறகு மற்றதெல்லாம் என்று போங்கள். என் வரிசை இதுதான். என் உள்ளங்கை கற்றுக்கொடுத்த வரிசை.

ஷூவுக்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. கணுக்கால் எலும்பு இரண்டையும் மூட வேண்டும், கையில் பிடித்து முறுக்கினால் அடிப்பாகம் துணி மாதிரி திருகக் கூடாது, கயிற்று முனை உள்ளே சொருகியிருக்க வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குப் போகிறவர்கள் போடும் கணுக்கால் உயர சேஃப்டி ஷூ ரப்பர் செருப்பைவிட ஆயிரம் மடங்கு மேல். ஜீன்ஸ் போட்டால் போதும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று: சாதாரண ஜீன்ஸ் துணி நெடுஞ்சாலை வேகத்தில் தேயும்போது ஒரு வினாடி தாங்குவதே கஷ்டம். டெரிகாட்டன் மாதிரி உருகாது, அவ்வளவுதான். முட்டிப் பட்டையைத் தனியாக வாங்கி பேண்டுக்கு மேலேயே கட்டிக்கொள்ளலாம். நான் அப்படித்தான் செய்கிறேன், கடைக்கு வந்ததும் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவேன்.

புடவை கட்டிப் பின்னால் உட்காருகிறவர்களுக்காக, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பு வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. அசிங்கமாக இருக்கிறது என்று புது வண்டி வாங்கிய வாரமே அதைக் கழற்றிவிடுகிறார்கள். அம்மாவோ தங்கையோ ஏறும் வண்டியில் அது இருக்கட்டும். குழந்தைகளுக்கும் 2023 பிப்ரவரி 15 முதல் விதி இருக்கிறது: ஒன்பது மாசத்திலிருந்து நாலு வயசு வரை ஹெல்மெட், ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பட்டை, வேகம் 40-க்குள். அந்தப் பட்டையைத் தைத்துத் தரச் சொல்லி இரண்டு பேர் என்னிடம் வந்தார்கள். 30 கிலோ வரை தாங்கும்படி கனமான நைலானில் இருக்க வேண்டும் என்பது விதி. என் மெஷினில் அது ஆகாது என்று சொல்லிக் கடையில் வாங்கச் சொன்னேன்.

ஆஸ்திரேலியாவில் கான்பெரா பக்கம் விழுந்த 212 மோட்டார் சைக்கிள்காரர்களைப் பார்த்து ஓர் ஆய்வு செய்து 2011-இல் வெளியிட்டார்கள். ரைடிங் ஜாக்கெட், பேண்ட், கையுறை போட்டவர்கள் மருத்துவமனையில் படுக்க வேண்டி வந்தது நன்றாகக் குறைந்திருந்தது. ஆனால் அதே ஆய்வில், போட்டிருந்த ஜாக்கெட்டில் 100-க்கு 30, பேண்டில் 28, கையுறையில் 26 விபத்தில் தாங்காமல் போயிருக்கின்றன. அந்த ஊரிலேயே அப்படி! அதன் பிறகு 2018-இல் மோட்டோகேப் என்று ஒன்றை ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் தொடங்கினார்கள். ஜாக்கெட், பேண்ட், கையுறைகளைக் கடையில் சாதாரண ஆள் வாங்குவது மாதிரியே வாங்கி, தேய்த்து, அடித்து, தையலை இழுத்துப் பார்த்து, நட்சத்திரம் போட்டு எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுகிறார்கள். வெயிலுக்கு எவ்வளவு சுகமாக இருக்கும் என்பதற்கும் தனியாக மதிப்பெண் உண்டு. சென்னைக்கு இதைவிடத் தேவையானது என்ன இருக்கிறது? நம்மிடம் தோலுக்கும் துணிக்கும் படித்தவர்கள் இருக்கிறார்கள், அடையாற்றில் தோல் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. இப்படி ஒரு சோதனையைத் தமிழ்நாடு அரசு செய்தால், 2,800 ரூபாய் கொடுத்த அந்தத் தம்பி ஏமாந்திருக்க மாட்டான்.

இன்னும் இரண்டு கோரிக்கைகள். இணையம் வழியாக வேலை செய்யும் டெலிவரிப் பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு அரசு 2023-இல் நல வாரியம் அமைத்தது. அதில் பதிந்த 2,000 பேருக்கு இ-ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் மானியம் என்று 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். நல்ல திட்டம். அந்த மானியத்தோடு ஒரு ஜோடி தோல் கையுறையும், கணுக்கால் மூடும் ஷூவும், தலை அளவெடுத்துத் தரும் ஹெல்மெட்டும் சேர்த்துக் கொடுங்கள். ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் ரோட்டில் இருக்கும் பிள்ளைகள் அவர்கள். கை உரிந்தால் அவர்களுக்கும் என்னைப் போலத்தான், அன்றைக்கே வருமானம் நின்றுவிடும். இரண்டாவது, வண்டி விற்கும்போது ஐஎஸ்ஐ ஹெல்மெட் ஒன்று கொடுக்க வேண்டும் என்று 138-ஆவது விதியில் இருக்கிறது. என் மகளுக்கு ஸ்கூட்டர் எடுத்தபோது ஷோரூமில் கொடுத்தது அவள் தலையில் வாளி மாதிரி ஆடியது. மாற்றிக் கேட்டதற்கு ‘ஒரே சைஸ்தான் சார் வருது’ என்றார்கள். கொடுக்கிற ஹெல்மெட் வாங்குகிறவர் அளவில் இருக்க வேண்டும் என்று போக்குவரத்துத் துறை சொல்ல வேண்டும்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள், ஆசிரியர் ஐயா. ஹெல்மெட் சோதனைப் படம் போடும் பக்கத்தில், தலை அளவு எடுப்பது எப்படி, முத்திரை எண்ணைச் சரிபார்ப்பது எப்படி, கையுறைப் பட்டியை இழுத்துப் பார்ப்பது எப்படி என்று ஒரு சின்னக் கட்டம் போடுங்கள். வெட்டிக் கடைச் சுவரில் ஒட்டிக்கொள்கிறேன்.

அயனாவரம் பக்கம் இருக்கிறவர்கள் மாலை ஏழு மணிக்கு மேல் என் கடைக்கு ஹெல்மெட்டோடு வரலாம். தலை அளவு எடுத்துத் தருகிறேன், உங்கள் ஜாக்கெட், கையுறையின் தையலையும் விரித்துப் பார்த்துச் சொல்கிறேன். காசு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடுமுறை.

இப்படிக்கு,
ஒரு தையல்காரர்,
அயனாவரம், சென்னை - 23.